ஒரே வேலைக்கு அக்காவும் மாமாவும்

அக்காவும் மாமாவும் குடியிருப்பது எங்களுக்கு அடுத்த வீட்டில். நடுவே ஒரே ஒரு சுவர், அதுவும் பேருக்குத்தான் சுவர். அங்கே கரண்டி கீழே விழுந்தால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். அதனால் அந்த நாட்களில் அக்கா எவ்வளவு நடந்தாள் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து மறுபடியும் சமையலறை. அந்த இரண்டு அறை வீட்டுக்குள்ளேயே அவள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன சமயம் அது. படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் ஓர் அறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் தன் அறைகளை முடித்துவிட்டு அவர்களுடையதிலும் போய் நிற்பாள். அதற்காக அவளைப் பிடித்தவர்களும் உண்டு, அதற்காகவே அவளைக் கண்டால் ஆகாதவர்களும் உண்டு.

மாமா அதே ஹோட்டலில் அவள் வேலை செய்த மாடிக்கு சூப்பர்வைசர். ஒரு நாள் அழுக்குத்துணி வண்டியோடு சர்வீஸ் லிஃப்டில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை, லிஃப்டைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாததற்காக அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அவர் வாயே திறக்கவில்லையாம். வெளியே வந்ததும், "நாளைக்கும் இதே லிஃப்ட்லதான் வருவீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். கதை அப்படி ஆரம்பித்து, கல்யாணத்தில் முடிந்து, இப்போது அவர்கள் மகள் என்னை விட உயரமாக வளர்ந்து நிற்கிறாள்.

மாமாவுக்குக் கோபம் வராது. யாராவது அறையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றால், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் தானே போய்ச் செய்துவிட்டு வந்துவிடுவார். மாடிக்கும் கீழுக்கும் அப்படி ஏறி இறங்கியே வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டார். அது வெளியே தெரியாமல் இருக்க அவர் பண்ணும் வித்தை எங்களுக்கெல்லாம் பழக்கம். படியில் ஏறும்போது வலி வந்தால் நின்று போனை எடுத்து, யாரோ கூப்பிட்டதுபோல் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுப்பாள். ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஹோட்டலை யாரோ வாங்கி இடித்துக் கடைகள் கட்டப்போவதாக முடிவாயிற்று. ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் வீட்டில். வாழ்க்கையில் பாதியை வேலை இடத்திலேயே கழித்த இரண்டு பேரைத் திடீரென்று ஒரு சின்ன வீட்டில் போட்டு அடைத்தால் என்ன ஆகும்? திரும்பினால் இடித்துக்கொண்டார்கள். அக்கா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து மாட்டினாள், ஈரம் காயுமுன் மறுபடி கழற்றினாள். மாமா பேப்பரை விரித்து வேலை விளம்பரங்களைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அதே பக்கத்தைத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

அப்போதுதான் ரயில் நிலையத்துப் பக்கம் புது ஹோட்டல் திறக்கப்போகிறார்கள் என்றும், அறைகளைக் கவனிக்கிற பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை என்றும் விளம்பரம் வந்தது. மாமா போனில் விண்ணப்பம் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா என்று மாமாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் போட்டார்.

இரண்டு பேருக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஒரே நாள், ஒரே காலை, ஒரே வேலை.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது? இதுக்கு ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?" என்றாள் மகள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, பயம் வேறு.

நான் வீட்டில் உட்கார்ந்து துணி தைத்துக் கொடுக்கிறவள். அந்த வாரம் மாமாவின் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். வேலை இல்லாத மாதங்களில் அவர் இளைத்துப் போயிருந்தார். அக்கா தன் சாம்பல் நிற சுடிதாரைக் கொண்டுவந்து, "இந்தக் கை கொஞ்சம் தூக்கலா இருக்கு பாரு" என்றாள். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிரித்துத் திரும்பத் தைக்கும்வரை அவள் விடவில்லை.

என் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடந்தது. நான் அதிகாரி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, புன்னகையை முகத்தில் ஒட்டிக்கொண்டார். எடுக்கச் சொன்னாலும் எடுக்கத் தெரியவில்லை.

"உங்ககிட்ட இருக்கிற பலவீனம் என்ன?" என்று நான் கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"எனக்குக் கோபமே வராதுங்க மேடம்."

"அது பலவீனமா? அது உங்க பெருமை" என்றாள் அக்கா சுவரோரத்திலிருந்து.

"நீ குறுக்க பேசாதே. உன் முறை வரும்போது பேசு."

அவள் முறை வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பதிலெல்லாம் பளிச்சென்று வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. முழங்கால் தையல் இயந்திரத்தின் மிதிபோல ஆடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, நீ இங்க இருக்கே. உன் கால் மட்டும் தனியா எங்கயோ ஓடிக்கிட்டு இருக்கு" என்றாள் மகள்.

அக்கா காலை அழுத்திப் பிடித்தாள். கால் நின்றது, விரல்கள் ஆட ஆரம்பித்தன.

நேர்முகத்துக்கு முந்தின நாள் ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது: "உனக்கே கிடைக்கட்டும். நீதான் நல்லாப் பண்ணுவே." உடனே அக்கா, "சும்மா இருங்க. உங்களுக்குத்தான் கிடைக்கணும். நீங்கதானே சூப்பர்வைசரா இருந்தவர்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டார்கள், எனக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

மறுநாள் காலையில் பஸ்ஸில் போனார்கள். சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்பே போய்விட்டதால் ஹோட்டலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்களாம். மூன்றாவது தடவை கடந்தபோது வாசல் காவலாளி, "யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். உள்ளே எங்கும் பெயிண்ட் வாசனை. சோபாக்களுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. மாடிக்கு லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் மேனேஜர் அம்மா அந்த நேரம் பார்த்து வரவேற்பறையைக் கடந்து போனார். மாமா, "நாம படியிலேயே போயிடலாமே" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறினார். அக்கா பின்னாலேயே ஏறினாள். வளைவு திரும்பி மேனேஜர் கண்ணுக்கு மறைந்ததும் மாமா நின்று போனை எடுத்தார்.

மேலே ஒரு நீளமான நடைபாதை. நாற்காலிகளில் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லாருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு படம் கோணலாக மாட்டியிருந்தது. அக்கா எழுந்தாள். மாமா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு. தொடாதே. இது இன்னும் நம்ம ஹோட்டல் இல்ல."

மாமாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். "எப்படி?" என்று அக்கா கண்ணால் கேட்டாள். "ம், நல்லாத்தான் பேசினாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார். அடுத்தடுத்து வேறு சிலர் போய் வந்தார்கள். பிறகு அக்கா.

இனி நான் சொல்வது அன்று மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்து சொன்னது. வந்தவள் முதலில் என் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்தாள். நான் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தவற்றையும் எடுத்துத் தேய்த்தாள். நான் குழாயை மூடினேன்.

"என்ன ஆச்சு? சொல்லு."

"நல்லாத்தான் ஆச்சு. அதுதான் பயமா இருக்கு."

மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவராம். குரல் ஏறவே ஏறாதாம். பக்கத்தில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் ஒன்றும் பேசாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாராம். பழைய வேலையைப் பற்றிக் கேட்டார்கள், ஒரு அறைக்குக் கூட்டிப்போய் கட்டிலுக்கு விரிப்பு போடச் சொன்னார்கள், திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்று இவள் எழப் போனபோது மேனேஜர் கேட்டார்:

"வெளியில இருக்கிறவர் உங்க வீட்டுக்காரர்தானே? இருக்கிறது ஒரு வேலை. உங்க ரெண்டு பேர்ல யார் இதை நல்லாச் செய்வாங்க?"

அக்கா நிறுத்தினாள். அங்கே கிடந்த ஒரு புடவைக் கடைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"நான்தான்னு சொன்னேன்."

"சரி. அதுல என்ன? உனக்கு வேணும்னுதானே போனே."

"அதோட விட்டிருந்தா பரவாயில்லடி. ஏன்னு கேட்டாங்க. வாய்க்கு வந்தது. அவருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, இத்தனை மாடி இருக்கிற இடத்துல அவரால முடியாதுன்னு சொல்லிட்டேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கால் வலியோட என் முன்னாடிதான் அத்தனை படியும் ஏறினார். அந்த மனுஷனை நானே போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் போன பிறகு எனக்குத் தையலில் மனம் ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மாமா. கையில் இஸ்திரிப் பெட்டி. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது இல்லை அது, அவர்களுடையதேதான்.

"இதைக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

"இது உங்களுது மாமா."

"ஓ." பெட்டியைப் பார்த்தார். உட்கார்ந்தார். "உங்க அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்லையே."

"என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்கம்மா. ரெண்டு பேர்ல யாருன்னு. அவகிட்டயும் அதைக் கேட்டிருப்பாங்க. அவ என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். என் பேரைச் சொல்லியிருப்பா. முந்தின நாள் ராத்திரிகூட அதைத்தான் சொன்னா." கழுத்தைத் தடவிக்கொண்டார். "நான் என் பேரையே சொல்லிட்டேன். அது மட்டுமா, அவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஒரு தடவை ஒரு கெஸ்ட்டையே பிடிச்சுத் திட்டிட்டான்னு வேற சொல்லிட்டேன். எனக்கு ஏன் அப்படி வந்துச்சுன்னே தெரியல. பயம். வீட்டுல சும்மா உட்கார்ந்துடுவோமோன்னு ஒரு பயம். நீ அவகிட்ட சொல்லிடாதே என்ன?"

இப்போது இரண்டு பேர் ரகசியமும் என் வயிற்றில். ஒருவரிடம் வாயைத் திறந்தால் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. இரண்டு பேரும் செய்தது ஒன்றே என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான், என்னால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் நடக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சகிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிய அன்பு தாங்க முடியாததாக இருந்தது. மாமா காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து காபி போட்டார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அக்கா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவள் ஒத்தடம் கொடுத்த வேகத்தில் மாமாவின் முட்டி சிவந்து போயிற்று. அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். போன் அடித்தால் இரண்டு பேரும் பாய்வார்கள், பிறகு இரண்டு பேரும் பின்வாங்குவார்கள். "நீங்க எடுங்க." "இல்ல, நீயே எடு." அதற்குள் மணி நின்றுபோகும். எல்லாம் யாரோ கடன் அட்டை விற்கிறவர்கள்.

"சித்தி, இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மகள் என்னிடம் வந்து கேட்டாள். "சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. இது பயமா இருக்கு."

ஒரு மாலை நான் அங்கே உட்கார்ந்து மகளுடைய பள்ளிச் சீருடைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. இந்தத் தடவை அக்காவுடையது. மாமா தலையாட்டினார். அவள் எடுத்தாள். "ஆமாங்க. சொல்லுங்க. சரிங்க. ரொம்ப நன்றிங்க." போனைக் கீழே வைத்தாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குக் கொடுத்திருக்காங்க."

மகள் கத்தினாள். மாமா கையைத் தட்டினார், ஒரு நொடி பிந்தித் தட்டினார். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்றார். யாரும் கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு இனிப்பு வாங்கிவரக் கிளம்பிவிட்டார். வாங்கிக்கொண்டு திரும்பியும் வந்தார். அதுவரை அக்கா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

"நான் போகப் போறதில்லைங்க" என்றாள்.

"ஏன்? பைத்தியமா உனக்கு?"

"அந்த அம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க." எல்லாவற்றையும் சொன்னாள். கேள்வியை, தன் பதிலை, முட்டியை. மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். அதன் மூடி நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"முட்டியைச் சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் வெளியே போய்விட்டார். செருப்புக்கூடப் போடவில்லை. அக்கா எழுந்து நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் இதையேதான் செய்தார் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவரே சொல்ல வேண்டியது அது. நான் அவரைத் தேடிக்கொண்டு இறங்கினேன்.

ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே படியில் உட்கார்ந்திருந்தார், காலை நீட்டிக்கொண்டு. கோபித்துக்கொண்டு போகிறவருக்கு முட்டி அவ்வளவுதான் ஒத்துழைத்தது.

"எனக்குக் கோபம் வருதும்மா" என்றார், தனக்கே ஆச்சரியமாக. "வந்துடுச்சு பாரேன்."

"நீங்களும்தானே மாமா அவளைப் பத்திச் சொன்னீங்க?"

"சொன்னேன். நான் சொன்னது எடுபடல. அவ சொன்னது எடுபட்டுடுச்சு. அதான் வித்தியாசம்." முட்டியைத் தடவிக்கொண்டே, "பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை போடலாம். உண்மையைச் சொல்லியிருக்கா. என்னால முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதை இன்னொருத்தர் வாயால, அதுவும் அவ வாயால..." என்று நிறுத்தினார்.

மேலே காலடிச் சத்தம். அக்கா இறங்கி வந்தாள். நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன்.

"மேல வாங்க. நான் போகலைன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன். உங்களைக் கூப்பிடச் சொல்றேன்."

"வேணாம். முதல்ல இதைக் கேட்டுக்கோ. என்கிட்டயும் அதே கேள்விதான். நானும் நான்தான்னுதான் சொன்னேன்."

அக்கா ஒரு படி இறங்கினாள். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அத்தோடு மாமா நிறுத்தியிருக்கலாம்.

"உனக்கு வாய் நீளம்னும் சொன்னேன். அந்த கெஸ்ட்டைத் திட்டினியே, அதையும் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? எனக்கா? எனக்கா வாய் நீளம்?"

"இதோ பாரு. இப்பவே."

"அந்த ஆள் ஈரத் துண்டை என் கூட வேலை செஞ்ச பொண்ணு மூஞ்சில வீசினான். அதுக்குக் கேட்டேன். நீங்க கேட்டிருக்கணும், சூப்பர்வைசரா நீங்க இருந்தீங்க. நீங்க அந்தத் துண்டைப் பொறுக்கிக்கிட்டுப் போனீங்க!"

மாமாவும் எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். பல வருஷத்துக் கதைகள் படியில் வந்து கொட்டின. யார் யாருடைய வேலையைச் செய்தார்கள், யார் பேரை யார் தட்டிக்கொண்டு போனார்கள், முட்டி ஏன் கெட்டது, ஒத்தடத்துக்கு ஏன் அத்தனை சூடு. கீழ்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சமாதானம் என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். அது கால் வலிக்காக, வேறு எதற்கும் இல்லை என்பதுபோல இரண்டு பேரும் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

இனிப்பை நானும் மகளும்தான் தின்றோம். அவர்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கோ காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது.

வேலையில் சேரும் நாள் காலையில் அக்கா தயாராகி நின்றாள், கிளம்பவில்லை. கைப்பையைத் திறந்து மூடினாள். மாமா செருப்பை மாட்டினார்.

"வா, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன். முதல் நாளே லேட்டாப் போய் நிக்காதே. அங்கயும் யாரையாவது திட்டணும்ல."

அவள் முறைத்தாள். ஆனால் நடந்தாள்.

வேலை பழகிய பிறகு ஒருநாள், மனதில் அரித்துக்கொண்டிருந்ததை அவள் மேனேஜரிடமே கேட்டுவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் முட்டியைப் பத்தி நான் சொன்னதாலதான் அவரை விட்டுட்டீங்களா மேடம்?"

மேனேஜர் யோசித்தாராம். "நீங்க என்ன சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே. அந்தக் கேள்வியை நான் எல்லார்கிட்டயும் கேட்பேன். வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களைவிட நீங்க எதுல மேலன்னு. பதிலை நான் பெருசா எடுத்துக்கறதில்ல. அந்த நேரத்துல எல்லாரும் ஏதோ ஒண்ணு உளறுவாங்க."

"அப்புறம் என்னை எதுக்கு எடுத்தீங்க?"

"விரிப்பு போடச் சொன்னோம்ல? எல்லாரும் போட்டுட்டுத் தள்ளி நின்னாங்க. நீங்க போட்டுட்டு அது மேலயே ஏறிப் படுத்தீங்க."

அக்கா இதை எங்களிடம் சொல்லவே இல்லை. வெட்கம். படுத்துப் பார்த்தால்தான் தங்குகிறவர்களுக்கு எது கண்ணில் படும் என்று தெரியும் என்பது அவள் பழக்கம். பழைய ஹோட்டலில் யாரும் பார்க்காதபோது செய்வாளாம். அன்று பதற்றத்தில் ஆள் நிற்பதே மறந்துபோய்ப் படுத்துவிட்டாள். "இந்த விளக்கு நேரா கண்ணைக் குத்துதுங்க" என்று கூரையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்து, துள்ளி எழுந்திருக்கிறாள்.

இதைக் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமாதான் கொதித்துப் போனார்.

"ஞாபகமே இல்லையாமா? நான் அத்தனை நாள் தூங்காம கிடந்தேன். அந்த அம்மாவுக்கு ஞாபகமே இல்லையாமா?"

மாமாவுக்கு வேலை கிடைக்க இன்னும் பல மாதம் ஆயிற்று. அந்த இடைவெளி அவருக்கு லேசாக இருக்கவில்லை. காலையில் அக்கா போன பிறகு அவர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார், பேச ஒன்றும் இருக்காது, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவார். இடையில் டாக்டரிடம் போய் முட்டியைக் காட்டினார். மறைப்பதற்கு இனி ஆளில்லை என்று ஆன பிறகு அவர் நொண்டுவதற்குக் கூச்சப்படவில்லை. இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது, வயதானவர்கள் தங்கும் ஓர் இல்லம். அங்கே சலவைப் பிரிவைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எல்லாம் தரைத்தளம். உள்ளே போனதுமே, "எனக்கு முட்டி வலி, மாடி ஏறச் சொல்லாதீங்க. மத்ததெல்லாம் பார்த்துக்கறேன்" என்று அவராகவே சொல்லிவிட்டாராம். "இங்க மாடியே இல்ல சார்" என்றார்களாம். சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது அவருக்குக் காலை வேலை, அக்காவுக்குப் பெரும்பாலும் மாலை. வார விடுமுறையும் வேறு வேறு நாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்வது அபூர்வம். அதனால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொள்கிறார்கள். சண்டையும் அதில்தான். அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் வாசலில் நின்று அதைக் கேட்பாள், எனக்கும் கேட்கும்.

நேற்று வந்தது இது: "சாதம் மூடி வச்சிருக்கேன், வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடு. அப்படியே விழுந்து தூங்கிடாதே. இங்க துவைக்கிற மெஷினைச் சரிபண்றவன் இன்னைக்கும் வரல. நாலு நாளா டபாய்க்கிறான். போனைப் போட்டு நல்லாக் கத்திட்டேன். ஆமா, நான்தான். ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க."

அக்கா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு போனை வாயருகே பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டே பேசினாள்:

"கத்தினா மட்டும் போதாதுங்க. நாளைக்கும் வரலைன்னா அவன் நம்பரை எனக்கு அனுப்புங்க. நான் பேசிக்கறேன்."